ஒரு படம் போதாது: பறவை ஒளிப்படப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கும் நடுவர் குழுவினருக்கும்,

வணக்கம். காட்டுயிர் ஒளிப்படப் போட்டிகளில் பறவைகளின் நடத்தைக்கென்று தனிப் பிரிவு வைக்கும் வழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. வரவேற்க வேண்டிய வழக்கம்தான். கிளையில் அமர்ந்திருக்கும் பறவையின் பக்கவாட்டுத் தோற்றத்தைவிட, அது என்ன செய்கிறது என்பதைக் காட்டும் படத்துக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது என்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கு அது அடையாளம். ஆனால் அந்தப் பிரிவுக்கும் மற்றப் பிரிவுகளுக்கும் பெரும்பாலும் ஒரே விதிதான்: ஒரு படம், ஒரு தலைப்பு, இரண்டு வரி விளக்கம். நடத்தைப் பிரிவுக்கு மட்டுமாவது இந்த விதியை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல். பறவை ஒரு செயலைத் தொடங்குகிறது, தொடர்கிறது, முடிக்கிறது. இதில் ஏதோ ஒரு நொடியை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால், எவ்வளவு தேர்ந்த நடுவராலும் அது என்ன செயல் என்று உறுதியாகச் சொல்ல இயலாது.

எல்லோரும் அறிந்த காகத்தையே எடுத்துக்கொள்வோம். எறும்புகள் மொய்க்கும் தரையில் ஒரு காகம் வயிறு படியப் படுத்திருக்கிறது. சிறகுகள் இரண்டும் தளர்ந்து பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. வால் ஒரு பக்கமாகக் கோணி மண்ணில் அழுந்தியிருக்கிறது. அலகு பாதி திறந்திருக்க, கண்ணின் மேல் வெளிறிய சவ்வு ஏறியிருக்கிறது. இந்த நொடியை மட்டும் பார்ப்பவர், நஞ்சு தின்று சாகக் கிடக்கும் பறவை என்றே எண்ணுவார். தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், அது எழுந்து இறகுகளைச் சிலிர்த்து உதறும். ஓர் எறும்பை அலகால் எடுத்துச் சிறகின் உட்புறத்தில் விரைவாகத் தேய்க்கும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பறந்து போகும். எறும்புக் குளியல் எனப்படும் இச்செயல் இருநூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்களில் பதிவாகியிருக்கிறது. எறும்பு வெளியிடும் ஃபார்மிக் அமிலம் இறகிலுள்ள உண்ணிகளையும் நுண்ணுயிரிகளையும் ஒடுக்குகிறது என்று சிலரும், எறும்பைத் தின்பதற்கு முன் அதன் அமிலத்தைத் துடைத்தெடுக்கும் வழி இது என்று சிலரும் கூறுகின்றனர். விவாதம் இன்னும் முடியவில்லை. அதைத் தீர்க்க உதவக்கூடியது, தேய்த்த எறும்பைப் பறவை அடுத்து என்ன செய்தது என்ற விவரம். அதாவது, உங்கள் விதிப்படி போட்டிக்கு அனுப்ப முடியாத அடுத்த படம்.

இதற்கு மாறாக, ஒற்றைப் படமே சான்றாக நிற்கும் தருணங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறு நீல மீன்கொத்தி மீனைத் தான் விழுங்கப்போகிறது என்றால் மீனின் தலை தன் தொண்டையை நோக்கியிருக்குமாறு பிடித்திருக்கும். இணைக்கோ குஞ்சுக்கோ கொடுக்கப்போகிறது என்றால் தலை வெளியே நீட்டியிருக்குமாறு பிடித்திருக்கும். இதை அறிந்த நடுவர் ஒரே பார்வையில் படத்தைப் படித்துவிடுவார். ஆனால் அவ்வாறு படிப்பதற்குப் பறவைகளைப் பல காலம் கவனித்த ஒருவர் நடுவர் குழுவில் இருக்க வேண்டுமே! வண்ணச் சமநிலையையும் படச் சட்டகத்தையும் நன்கு அறிந்த மூவர் அமர்ந்திருக்கும் குழுவில், பறவை நோக்கர் ஒருவரேனும் இல்லாத நிலையைப் பலமுறை காண்கிறோம்.

அவ்வாறான குழுவில் படத்தின் தலைப்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது. காகம் குயில் குஞ்சுக்கு ஊட்டும் படம் ‘தாயன்பு’ ஆகிறது. ஆண் பறவை பெண்ணுக்கு இரை கொடுத்து இணைசேர அழைக்கும் படம் ‘பகிர்ந்துண்ணல்’ ஆகிறது. கூட்டில் மூத்த கொக்குக் குஞ்சு இளையதைக் கொத்திக் கொல்ல முயலும் படம் ‘உடன்பிறப்புகளின் விளையாட்டு’ ஆகிறது. கடைசியாகச் சொன்னது வெறும் ரசனைப் பிழையன்று; உண்மையைத் தலைகீழாக்கும் செய்தி.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய முதன்மையான கவலைக்கு வருகிறேன். அரிய நடத்தை என்ற பெயரில் பாராட்டுப் பெறும் படங்களில் கணிசமானவற்றில், பறவை காட்டுவது கேமரா ஏந்திய மனிதருக்கு அது அளிக்கும் எதிர்வினையையே என்பது என் எண்ணம். உப்புக்கொத்தி ஒரு சிறகைத் தொங்கவிட்டு, வாலை விசிறியாக விரித்து, உடம்பை ஒருக்களித்துத் தரையில் இழுத்துக்கொண்டு போகும் காட்சி எவரையும் நிறுத்தி வைக்கும். அடிபட்டதுபோல் அது நடிப்பது, தன்னை நெருங்கும் ஆபத்தை முட்டையிடமிருந்தோ குஞ்சிடமிருந்தோ விலக்கி அழைத்துப் போவதற்காக. பின்தொடர்பவர் நெருங்கினால் இன்னும் சில அடி இழுத்துக்கொண்டு போகும். போதிய தொலைவு வந்துவிட்டது என்று தோன்றியதும் நல்ல சிறகோடு எழுந்து பறந்துவிடும். இந்தப் படத்தில் ‘ஆபத்து’ யார் என்பதை விளக்க வரி சொல்வதே இல்லை. மெலிந்து நீண்டு மரப்பட்டையோடு ஒட்டி நிற்கும் ஆந்தை, இறகெல்லாம் புடைத்துச் சிறகை விரித்துக் காட்டும் ஆந்தை, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கத்தும் சிறு பறவை என்று இந்த வரிசை நீளும். பதிவுசெய்த குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் போட்டியாளன் நுழைந்துவிட்டதாக எண்ணி ஆண் பறவை பாய்ந்து வரும், நெஞ்சை நிமிர்த்தும், இல்லாத எதிரியைத் தேடிக் கிளைக்குக் கிளை தாவும். படம் அபாரமாக வரும். ஆனால் இரை தேடவும் கூட்டைக் காக்கவும் செலவாகியிருக்க வேண்டிய நேரமும் வலுவும் ஓர் ஒலிபெருக்கிக்காக வீணாகியிருக்கும்.

ஆட்காட்டியின் கூட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் கடுமை இன்னும் தெளிவாகப் புரியும். கூடு என்று சொல்வதே மிகைதான்; வெட்டவெளியில் சிறு கற்களுக்கிடையே ஒரு பள்ளம், அதில் கல்லோடு கல்லாக முட்டைகள். கடும் வெயிலில் தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ முட்டைகளின் மேல் நிற்பது அவற்றைச் சூடாக்க அன்று, நிழல் தந்து குளிர்விக்க. நீர்நிலைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளின் மேல் அமர்வதும் உண்டு. இது மிக அருமையான நடத்தை. தொலைவிலிருந்து பொறுமையாகப் பார்ப்பவருக்கு மட்டுமே கிடைக்கும். அருகில் போய் நிற்பவருக்குக் கிடைப்பதோ, தலைக்கு மேல் வட்டமிட்டு ஓயாமல் கத்தும் பறவையின் ‘ஆக்ரோஷமான’ படம். அவர் அங்கே நிற்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் வேகின்றன. உங்கள் மேசைக்கு வரும்போது இரண்டும் நடத்தைப் படங்களே. கண்ணைப் பறிப்பது இரண்டாவதுதான் என்பதால் பரிசும் பெரும்பாலும் அதற்கே போகும்.

உண்மையிலேயே புதிதாகக் கண்டறியப்படும் நடத்தைகள் எப்படிப் பதிவாகின்றன என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2014-இல் வேல்ஸ் நாட்டின் ஸ்கோமர் தீவருகே கடலில் மிதந்த ஒரு பஃபின் பறவை, அலகில் பிடித்த குச்சியால் தன் முதுகைச் சொறிந்துகொண்டதை ஆய்வாளர் அனெட் ஃபாயே கண்டார். நான்கு ஆண்டுகள் கழித்து ஐஸ்லாந்தின் கிரிம்ஸே தீவில் தானியங்கிக் கேமரா ஒன்று, இன்னொரு பஃபின் தரையிலிருந்து குச்சியை எடுத்து நெஞ்சிறகைக் கோதுவதைப் பதிவு செய்தது. கடற்பறவை ஒன்று கருவியைப் பயன்படுத்துவதற்கான சான்றாக ஆய்வாளர்கள் வெளியிட்ட அந்தச் சில நொடிக் காட்சி, உங்கள் போட்டியின் முதற்சுற்றைக்கூடத் தாண்டியிராது என்று துணிந்து சொல்வேன். அதன் மதிப்பு, குச்சியை எடுத்ததும் அதைப் பயன்படுத்தியதும் ஒரே தொடர்ச்சியில் காணக் கிடைத்ததில் இருக்கிறது. அலகில் குச்சியோடு நிற்கும் பஃபினின் ஒற்றைப் படம் என்றால், கூடு கட்டக் குச்சி பொறுக்குகிறது என்று சொல்லி எல்லோரும் கடந்து போயிருப்போம்.

கண்டவர் சொன்னதை உலகம் நம்பாமல் விட்டதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. ஆண் கல்கௌதாரி வயிற்று இறகுகளில் நீரை ஏந்தி வந்து குஞ்சுகளுக்குப் புகட்டுகிறது என்று எட்மண்ட் மீட்-வால்டோ 1896-இல் எழுதினார். தாம் வளர்த்த பறவைகளிடம் கண்டதை அவர் எழுதியிருந்தார், பலர் ஐயுற்றனர். டாம் கேடும் கார்டன் மக்லீனும் கலஹாரிப் பகுதியில் ஆய்ந்து அதை உறுதிப்படுத்தி வெளியிட 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுபது ஆண்டு ஐயத்துக்கு முழுக் காரணமும் படமில்லாமைதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண் பறவை நீரில் இறங்கி இறகை நனைப்பது, பறந்து வருவது, குஞ்சுகள் அதன் வயிற்றின் கீழ் முண்டுவது என்ற மூன்று படங்கள் வரிசையாக இருந்திருந்தால் மறுப்பது எளிதாக இருந்திராது. அதற்கு ஓராண்டுக்கு முன், 1966-இல், மஞ்சள்முகப் பாறு கல்லை அலகால் எறிந்து தீக்கோழி முட்டையை உடைப்பதை ஜேன் குடாலும் ஒளிப்படக் கலைஞரான ஹூகோ வான் லாவிக்கும் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியிட்டனர். கேமரா பிடித்தவரின் பெயர் ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது என்பதை இன்றைய இளம் ஒளிப்படக்காரர்களுக்கு நீங்கள் நினைவூட்டலாம்.

சாதாரண மக்களின் குறிப்புகளும் அதே அளவு வேலை செய்திருக்கின்றன. வாசலில் வைத்த பால் புட்டிகளின் மூடியைக் கொத்தித் திறந்து பாலேட்டைக் குடிக்கும் வழக்கம் பிரிட்டனின் சிறு குருவிகளிடையே எப்படிப் பரவியது என்பதை ஜேம்ஸ் ஃபிஷரும் ராபர்ட் ஹைண்டும் 1949-இல் தொகுத்தனர். அவர்களுக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவு 1921-இல் சவுத்தாம்ப்டன் அருகிலுள்ள ஸ்வேத்லிங் என்ற இடத்திலிருந்து வந்தது. பார்த்தவர்கள் நாளையும் இடத்தையும் சொன்னதால்தான் வரைபடம் வரைய முடிந்தது. சிட்னி நகரில் காக்கட்டூக் கிளிகள் குப்பைத் தொட்டி மூடியைத் திறக்கும் பழக்கமும் இவ்வாறே குடியிருப்போரிடம் கேட்டறிந்து பின்தொடரப்பட்டது. 2018-க்கு முன் மூன்று புறநகர்ப் பகுதிகளில் மட்டும் இருந்த பழக்கம் 2019 இறுதிக்குள் 44 பகுதிகளுக்குப் பரவியிருந்தது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்கிறது என்ற முடிவு 2021-இல் வெளியானது. தொட்டி மூடியைத் தூக்கும் கிளியின் படம் வேடிக்கையானது. எந்த நாள், எந்தத் தெரு என்ற குறிப்பு சேரும்போதுதான் அது ஒரு பழக்கத்தின் வரலாற்றில் ஓர் இடத்தைப் பிடிக்கிறது.

தொடர்ச்சியைக் கேட்பதால் போட்டியின் நேர்மையும் காக்கப்படும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் நினைவிருக்கும். படத்திலிருப்பது பாடம் செய்யப்பட்ட விலங்கு என்ற ஐயம் எழுந்து, வல்லுநர்கள் ஆராய்ந்த பின், 2018-இல் அது தகுதி நீக்கம் செய்யப்பட்டது. படமெடுத்தவர் குற்றச்சாட்டை மறுத்தார். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்ததாக அவர் அளித்த ரா கோப்புகளில் (கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்புகளில்) எதிலும் அந்த எறும்புதின்னி இல்லை என்று அருங்காட்சியகம் தெரிவித்தது. பரிசளித்த பின் கேட்ட கோப்புகளை முன்பே கேட்டிருந்தால் அனைவருக்கும் சங்கடம் குறைந்திருக்கும். சொற்களைக் கொடுத்தால் படம் செய்து தரும் மென்பொருள்கள் வந்துவிட்ட இன்று இந்தத் தேவை பல மடங்கு கூடியிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாகவே முன்வைக்கிறேன். நடத்தைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பதிவுடனும், தேர்ந்தெடுத்த படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை, வெட்டாமல் திருத்தாமல், ரா கோப்புகளாகக் கேளுங்கள். குறுங்காணொளி இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நொடிக்கு இருபது படங்களுக்கு மேல் எடுக்கும் கேமராக்களும், ஷட்டரை அழுத்துவதற்குச் சற்று முந்தைய காட்சிகளைக்கூடச் சேமித்துத் தரும் வசதியும் வந்துவிட்டதால், இது பலருக்குக் கூடுதல் சுமையாக இராது. பழைய கேமரா வைத்திருப்பவர் இரண்டு மூன்று படங்களோடு ஒரு குறிப்பை எழுதி அனுப்பட்டும். அவரைத் தள்ளிவிட வேண்டாம். கேமராவின் கடிகாரத்தைச் சரியாக வைக்கச் சொல்லி அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நேரம் தவறான படங்களின் வரிசை குழப்பத்தையே தரும்.

இரண்டு வரி விளக்கத்துக்குப் பதிலாக ஒரு களக்குறிப்பைக் கேளுங்கள். நாள், நேரம், வெயிலா மழையா, பறவைக்கும் தமக்கும் இடையிலான ஏறத்தாழத் தொலைவு, எவ்வளவு நேரம் கவனித்தார், செயல் எப்படித் தொடங்கி எப்படி முடிந்தது, கூட்டுக்கு அருகில் சென்றாரா, இரை வைத்தாரா, குரலை ஒலிக்கவிட்டாரா, ட்ரோனோ ஃபிளாஷோ பயன்படுத்தினாரா என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். என் பார்வையில் இவை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: நீங்கள் அங்கே இருந்தபோதே பறவை தன் வழக்கமான வேலைக்குத் திரும்பியதா? திரும்பியது என்றால், நீங்கள் கண்டது அதன் வாழ்க்கையில் ஒரு பகுதி. நீங்கள் விலகிய பின்னரே திரும்பியது என்றால், அதன் கலக்கத்தையே படமெடுத்திருக்கிறீர்கள். பின்பு செயலை விவரிப்பதையும் அதற்குப் பொருள் கூறுவதையும் இரண்டு தனிப் பத்திகளாக எழுதச் சொல்லலாம். ‘கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தைத் தொடர்ந்து கொத்தியது’ என்பது கண்டது. ‘எதிரி என்று எண்ணியது’ என்பது கருத்து. கருத்து பிழையாகப் போனாலும் கண்டது பிறருக்குப் பயன்படும்.

முட்டை அல்லது குஞ்சுகள் உள்ள கூட்டுப் படங்களை அடியோடு ஏற்க வேண்டாம் என்பது என் நிலை. தானே பொருத்திய கேமராவால், மறைவிடத்திலிருந்து, எந்த இடையூறுமின்றி எடுத்ததாகச் சிலர் சொல்லக்கூடும். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பரிசு பெற்ற ஒரு கூட்டுப் படத்தைப் பார்த்து, மறைக்கும் கிளைகளை ஒடித்துவிட்டுப் படமெடுக்கக் கிளம்புபவர்களுக்கு அந்த நுணுக்கம் போய்ச் சேர்வதில்லை. ஒடித்த கிளை வழியாகக் கேமராவுக்குத் தெரியும் கூடு, காகத்துக்கும் வல்லூறுக்கும் தெரியும்.

இடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. துல்லியமான இடக்குறிப்பை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடும்போது நீக்கிவிடுங்கள். படக் கோப்பினுள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தையும் மறவாமல் அகற்றுங்கள். பறவை நோக்கர்களின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளம்கூட, பிடிபடவோ வேட்டையாடப்படவோ தொல்லைக்குள்ளாகவோ வாய்ப்புள்ள இனங்களின் சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைக்கிறது.

அழகை மதிப்பிடுவதே எங்கள் வேலை, ஆய்வு செய்வதன்று என்று நீங்கள் பதிலளிக்கலாம். நியாயமான பதில்தான், நிலப்பரப்புப் பிரிவுக்கும் உருவப்படப் பிரிவுக்கும் அது முழுமையாகப் பொருந்தும். ஆனால் ‘நடத்தை’ என்று பெயரிட்டு ஒரு பிரிவை வைத்த பிறகு, படத்தில் இருப்பது எந்த நடத்தை என்று கேட்கும் கடமையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதை ஏற்க விருப்பமில்லை என்றால் பிரிவின் பெயரை ‘செயலில் பறவைகள்’ என்று மாற்றிவிடுங்கள். நானும் இம்மடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஏற்க விரும்பினால், இன்னும் இரண்டு காரியங்களைச் செய்யலாம். பரிசு பெற்ற படத்தோடு அதன் களக்குறிப்பையும் முன்பின் படங்களையும் கண்காட்சியிலும் மலரிலும் வெளியிடுங்கள். பரிசு பெறாதவற்றிலும் புதுமை உள்ளவற்றை, எடுத்தவரின் ஒப்புதலோடு, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகம் போன்ற பொதுக் காப்பகங்களில் சேர்க்கச் சொல்லுங்கள். அத்துடன், தெளிவு குறைந்த, வெளிச்சம் போதாத, கிளை குறுக்கிட்ட படங்கள் புதிய செயலொன்றைத் தொடர்ச்சியாகக் காட்டுமானால் அவற்றுக்கென்று ஒரு தனிப் பரிசை ஒதுக்குங்கள். வீட்டருகே தவிட்டுக்குருவிகளையும் மைனாக்களையும் அன்றாடம் பார்த்துக்கொண்டு, சாதாரணக் கேமராவோடு இருப்பவர்கள் உங்கள் போட்டிகளுக்கு அனுப்பத் தயங்கும் படங்கள் அவையே. அடுத்த போட்டிக்கான விதிமுறைகளை அச்சுக்கு அனுப்பும் முன் இவற்றைக் குழுவில் வைத்துப் பேசி, ஏற்றுக்கொண்டவை எவை, மறுத்தவை எவை, ஏன் என்பதை வெளிப்படையாக அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பறவைகளைப் பார்த்தும் படமெடுத்தும் வரும் ஒருவன்